மணலின் பதில்

ஜனவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். நலம் என்றால் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை; தூக்கமும் இல்லை. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை இன்னும் தலையணை உறைக்குள் சேர்த்து வைக்கிறாளா?

போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் பேசினால் உங்கள் கதைகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் கடிதம்.

ஆய்வேட்டுக்கு இது ஐந்தாவது வருடம். ஆகஸ்டில் கொடுத்தாக வேண்டும். தேர்வாளர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நான் ஆராய்வது பெயர் தெரியாத ஒரு சூஃபி எழுதிய பாரசீகக் காவியம். உலகத்திலேயே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உண்டு, நீங்கள் பைண்டராக இருந்த நூலகத்தில். என் பேராசிரியர் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கடல் தாண்டி வந்து அதைப் படித்தார். அதில் ஒருவன் வருடக்கணக்காக நடந்து ஒரு கதவைத் தட்டுகிறான். ‘தட்டினேன். உள்ளிருந்து வந்தது பதில்’ என்று ஒரு பக்கம் முடிகிறது. எதிர்ப்பக்கம் ‘மணல், மணலுக்கு அப்பாலும் மணல்’ என்று தொடங்குகிறது. தேடுகிறவனுக்குக் கடவுள் தரும் பதில் வெறுமைதான் என்று பேராசிரியர் நானூறு பக்கம் எழுதினார். அவருடைய ‘மணலின் பதில்’ படிக்காமல் மேல்நாட்டில் யாரும் சூஃபிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. என் ஆய்வேடும் அந்த இரண்டு பக்கங்களின் மேல்தான் நிற்கிறது.

இனி கேள்வி. இந்த மாதிரிப் பிரதிகளில், தாள் மாறிவிடாமல் இருக்க, பக்கத்தின் கீழ் மூலையில் அடுத்த பக்கத்தின் முதல் வார்த்தையைச் சின்னதாக எழுதி வைப்பார்கள். இந்தப் பிரதியில் அப்படி ஒன்றுகூட இல்லை. பேராசிரியர் வருவதற்குச் சற்று முன்தான் நீங்கள் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறீர்கள். கட்டுவதற்கு முன் அந்த வார்த்தைகள் இருந்தனவா?

ஒரு வரி போதும், மாமா. அம்மாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அணில்


ஜனவரி 30

அகில உலக மேதையும், நாளைய முனைவரும், இன்றும் மூக்கை உறிஞ்சுகிறவளுமான அணில் அவர்களுக்கு, பசைச் சக்கரவர்த்தியும் ஊசிநூல் வேந்தனுமாகிய உன் ஒரே மாமன் எழுதிக்கொள்வது.

முட்டி நலம். நேற்று மாடிப்படி ஏறும்போது அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா நலம். மாத்திரையைத் தலையணை உறையிலிருந்து சர்க்கரை டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். போன வாரம் நான் குடித்த காப்பிக்கு ரத்த அழுத்தமே இல்லை.

உன் பேராசிரியர் தாடிக்காரர் சௌக்கியமா? அந்தத் தாடியில் ஒரு குடும்பத்தையே வாடகைக்கு வைக்கலாம். ‘இந்தப் பிரதியைக் காப்பாற்றிய பைண்டரின் கைகளுக்கு நன்றி’ என்று தன் புத்தகத்தின் முன்னுரையில் எழுதினாரே, அந்தப் பக்கம் இன்னும் சட்டத்துக்குள் ரேடியோவுக்கு மேலே தொங்குகிறது. அக்கா தினமும் துடைக்கிறாள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் நூலகத்துக் கீழ்த்தளத்தில் குழாய் வெடித்தது. குழாயா அது? சமுத்திரம்! நூலகர் அலமாரி உச்சியில் ஏறி உட்கார்ந்து, அகர வரிசைப்படி கூச்சல் போட்டார். பூகோளப் பிரிவு மொத்தமும் மிதந்து வாசல் வழியாக உலகச் சுற்றுலா கிளம்பியது. நான் அந்தப் பிரதியை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மறு கையால் நீந்தி, பல்லில் ஊசியைக் கடித்தபடி கரையேறினேன். மூலையில் வார்த்தை இருந்திருந்தால் தண்ணீர் கொண்டுபோயிருக்கும். தண்ணீரைப் போய் யார் கேட்பது?

வேளாவேளைக்குச் சாப்பிடு. படிப்பு ஓடிப்போகாது.

உன் மாமன்


பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? உங்கள் கடிதத்தைப் படித்து நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்தக் குளிரில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சளி போய்விட்டது, தலைவலி வந்திருக்கிறது.

ஆனால் மாமா, அந்த மையில் தண்ணீர் பட்டால் பரவும். பிரதியின் படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு எழுத்துகூட அசையவில்லை.

தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். ‘மணலின் பதில்’ மூன்றாம் பதிப்பு வரப்போகிறது. பேராசிரியருக்கு எழுபத்தெட்டு வயது, கை நடுங்குகிறது. என்னை இணைப்பதிப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வேடு முடிந்து அதுவும் கிடைத்தால்தான் இங்கே எனக்கு நிலையான வேலை. இல்லையென்றால் இந்த அறை, இந்த ஒற்றை ஜன்னல், மற்றவர்களின் மாணவர்களுக்கு விடைத்தாள் திருத்துவது, எல்லாம் இன்னொரு சுற்று வரும். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

இருந்தனவா, இல்லையா? அம்மாவுக்கு என் அன்பு.

அணில்


மார்ச் 31

மணலை ஆளும் மகாராணிக்கு மாமன் ஆசிகள்.

பதில் தாமதம். மார்ச் மாதத்தில் இந்த வீட்டில் யாரும் பேனா எடுப்பதில்லை, உனக்குத் தெரியும். நேற்றுதான் அக்கா மறுபடியும் ரேடியோ போட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை அவளுக்கு. எனக்கு முட்டியோடு இப்போது தோளும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது.

தண்ணீர் என்றா எழுதினேன்? வயசாகிறது. எலி. அதுவும் சாதாரண எலி இல்லை, பாரசீகம் படித்த எலிகள். வரியைத் தொடாது, ஓரத்தை மட்டும் கடிக்கும். ஒரு நாள் நூலகருடைய ராஜினாமாக் கடிதத்தையே பிழை திருத்தி வைத்திருந்தன. அவற்றின் தலைவன் ஒரு பூனை அளவு இருப்பான்; அவனைப் பார்த்துப் பூனை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

இதைத் தேர்வாளருக்கு எழுது. போதும். அணில், இதை விட்டுவிடேன். நானூறு பக்கம் எழுதின மனுஷனுக்குத் தெரியாததா?

உன் மாமன்


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

தோளுக்கு ஒத்தடம் கொடுங்கள். நான் சுமார்.

முதலில் தண்ணீர், அப்புறம் எலி. எலி கடித்தால் ஓரம் வளைந்து நெளிந்து இருக்கும். இந்தப் பிரதியின் கீழ் ஓரம் ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக இருக்கிறது. மிஷின் வெட்டு. நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அட்டையின் உட்புறம், தையல், எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புவார்கள்.

போன வாரம் பேராசிரியர் வீட்டில் தேநீர் குடித்தேன். முதல்நாள் அந்தப் பக்கத்தைப் படித்த கதையைச் சொன்னார். நூறு தடவை சொன்ன கதைதான்.

“எந்திரிச்சு நின்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. உங்க மாமா பசை பிரஷ்ஷோட வாசல்ல நின்னுட்டிருந்தார். அவருக்குப் பாரசீகத்துல ஒரு எழுத்து தெரியாது. ஆனா அவர் கண்ணும் கலங்கியிருந்துச்சு. படிக்காத அந்த மனுஷனுக்கு அந்த வெறுமை புரிஞ்சிருந்தது.”

இதை அவர் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார், உங்களுக்குத் தெரியும். என் ஆய்வேட்டின் முதல் வரியே அதுதான்.

மாமா, எனக்குக் கதை வேண்டாம். நீங்கள் வெட்டினீர்களா?

அணில்


ஜூன் 8

அணிலுக்கு,

பட்டம் எதுவும் போடவில்லை, கவனித்திருப்பாய். முட்டி அப்படியே. அக்கா நலம். உன் கடிதங்களை அவள்தான் முதலில் பிரிக்கிறாள். கண்ணாடி சரியில்லாததால் தேதியையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறாள். நல்லவேளை.

மூலை வார்த்தைகள் இருந்தன. நான்தான் வெட்டினேன்.

எனக்குப் பாரசீகம் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்து மூலையில் இருக்கும் வார்த்தையின் உருவமும் எதிர்ப்பக்கத்து முதல் வார்த்தையின் உருவமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்குவேன், கூட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது மாதிரி. என் காலத்தில் ஒரு தாள் மாறியதில்லை. அந்த ஒரு தடவை பார்க்கவில்லை. பழைய தையலைப் பிரித்துத் தாள்களை மேசை முழுக்கப் பரப்பியிருந்தேன். வெளியே போய்விட்டு வந்தால், தரை கூட்டுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்து அழகாக அடுக்கி வைத்திருந்தார். அப்படியே தைத்துவிட்டேன். ஓரம் பிய்ந்திருந்தது. மிஷினில் வைத்து ஒரே வெட்டு.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாய். மதியம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். தாடிக்காரர் மறுநாள் வருகிறார் என்று அவசரம். அவ்வளவுதான்.

அன்று என் மேசையில் இன்னொரு வேலையும் இருந்தது. நூலகம் கழித்துவிட்ட ஒரு தடிமனான பாரசீக அகராதி, முதுகு போனது. வெட்டி விழுந்த ஓரத் துண்டுகளில் சிலவற்றை அதன் முதுகுக்கு அணை கொடுத்து ஒட்டினேன். பழைய கைத்தாள் நார் நாராக இருக்கும், அதைவிட நல்ல அணை கிடைக்காது. மறுநாள் கடைசித் துண்டை ஒட்டப் போகும்போதுதான் அதிலிருந்த வார்த்தையின் உருவம் கண்ணில் பட்டது. பிரதியில் அதன் ஜோடி எங்கே என்று நினைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் வேறு ஏதோ இருந்ததாக ஞாபகம். பிரஷ்ஷைக்கூடக் கீழே வைக்காமல் படிப்பறைக்கு ஓடினேன், சொல்லத்தான். அதற்குள் தாடிக்காரர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து அந்தத் துண்டையும் ஒட்டிவிட்டேன்.

அந்த அகராதி யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ பாரசீகம் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது நானே பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதே.

முதுகைப் பிரி. வெந்நீரில் துணியை நனைத்து வை, பசை இளகும். கத்தியை வேகமாக இழுக்காதே.

மாமன்


ஜூன் 26

மாமாவுக்கு,

பிரித்தேன். ஐந்து வருடமாக என் தலைமாட்டில் இருந்த அகராதி. ஒன்பது துண்டுகள் இருந்தன. கதவுப் பக்கத்தின் ஓரம் கடைசியாக ஒட்டியது, அதனால் மேலேயே இருந்தது. அதிலிருக்கும் வார்த்தை ‘மணல்’ இல்லை. ‘எங்கே.’

‘எங்கே’ என்று தொடங்கும் பக்கம் நாற்பது தாள் தள்ளி, பாலைவனத்தின் நடுவே கிடக்கிறது. இரண்டு தாள்கள் இடம் மாறியிருக்கின்றன. காவியம் முழுக்க ஒரே ஓசை, ஈரடி ஈரடியாகப் போகிறது. தாள் மாறினால் காதுக்குத் தெரியாது. இரண்டையும் திருப்பி மாற்றினேன். அந்த ஆள் கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து வந்த பதில் இதுதான்: ‘எங்கே இருந்தாய் இத்தனை நேரம்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா, சாப்பாடு ஆறுகிறது.’

இவ்வளவுதான். கடவுள் சொன்னது இவ்வளவுதான். மணலும் கிணலும் கிடையாது. பாலைவனத்தில் திடீரென்று சாப்பாடு வருகிறதே என்று பேராசிரியர் அதற்கும் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார், கானல் வீடு என்று.

என் ஆய்வேடு குப்பை. என் வேலை போயிற்று. அவருடைய முப்பது வருடம் போயிற்று. ஒரு மதியத் தூக்கத்துக்காக.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகஸ்ட் வர ஐந்து வாரம் இருக்கிறது.

அணில்


ஜூலை 10

அணிலுக்கு,

இந்தத் தடவை நீ முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. சரிதான். அது கேட்கத் தகுந்த முட்டி இல்லை.

இரண்டு வழி இருக்கிறது. அந்தத் துண்டு என் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. ஒரு தீக்குச்சி போதும். ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடு, வேலையை வாங்கு, தாடிக்காரர் நிம்மதியாக இருக்கட்டும். உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சீக்கிரம் கழன்றுகொள்வேன், அப்புறம் நீ ஒருத்திதான். அதைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்கிறேன்: கனமே இல்லை. சட்டைப்பைக்குள் ஒரு கூழாங்கல் மாதிரி. உட்காரும்போதெல்லாம் குத்தும். இருபத்தெட்டு வருடம் நான் பேசின பேச்செல்லாம் அது குத்துவதை மறைக்கத்தான் என்று சில நாள் தோன்றும்.

இன்னொரு வழி உனக்கே தெரியும். அப்படியென்றால் எல்லாப் பழியையும் என் மேல் போடு. கிழவன், குடிகாரன், பசையையே குடிப்பான் என்று எழுது. ஊர்வலம் வைத்து என்னைக் கழுதை மேல் ஏற்றினாலும் வருகிறேன். கழுதைக்கு முட்டி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று அக்கா கேட்டாள். ஆணி துருப்பிடித்துவிட்டது என்றேன். அவள் ஆணியை விரலால் தடவிப் பார்த்தாள். போன வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். இனி எழுதும்போது பார்த்து எழுது.

மாமன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமாவுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? தோள்?

அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நூலகத்திலிருந்து படங்கள் வந்தன. பின்னட்டையின் உட்புறத்தில் நீங்கள் ஒட்டிய சீட்டு இருக்கிறது, உங்கள் கையெழுத்தில். ‘பிரித்தது மார்ச் 12. தைத்தது மார்ச் 17.’ இரண்டு மூன்று நாளில் முடியும் வேலைக்கு ஐந்து நாள். வருடத்தையும் பார்த்தேன். எனக்கு அப்போது மூன்று வயது. மார்ச் 14 அப்பா லாரியில் அடிபட்ட நாள்.

தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு ‘வெளியே போய்விட்டு வந்தேன்’ என்று எழுதினீர்களே. அங்கேதான் போனீர்கள். அப்பாவை அடையாளம் காட்டி, எடுத்து, எல்லாம் முடித்துவிட்டு, மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து தைத்திருக்கிறீர்கள். நான் தூக்கம் என்று உங்களைத் திட்டினேன். நீங்களும் திட்டட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகப் படித்தார். எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். சாப்பாடு ஆறுகிறது என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று நினைத்தேன்.

“முப்பது வருஷமா அந்தக் கதவுக்கு வெளியிலயே நின்னு மணலைப் பத்திப் பேசிட்டிருந்திருக்கேன்” என்று சொன்னார். அப்புறம், “பைண்டர் ஏன் பார்க்கலை? அவ்வளவு சுத்தமா தைக்கிற கை ஆச்சே.”

அப்பா இறந்த தேதியைச் சொன்னேன். மார்ச் 18 அன்று அவர் படிப்பறையில் எழுந்து நின்று கத்தியதை நினைத்துப் பார்த்தார்.

“அன்னைக்கு அவர் கண் கலங்கியிருந்தது…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. கிளம்பும்போது மூன்றாம் பதிப்பு வேண்டாம் என்றார். உண்மையைத் தானே ஒரு கட்டுரையாக எழுதுவதாகவும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். முன்னுரையில் உங்களுக்குச் சொன்ன நன்றியை மட்டும் எடுக்கமாட்டாராம்.

ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. மறுபடியும் முதல் வரியிலிருந்து. வேலை இல்லை, இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். களைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது. அதற்கு முன் ஒரு மாதம் அங்கே வந்து இருக்கலாமா?

உங்கள் அணில்


ஆகஸ்ட் 25

என் அணிலுக்கு,

கேட்டுக்கொண்டா வருவார்கள்?

அக்கா உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். கண்ணாடிக்காரன் நாசமாய்ப் போக. இரண்டு நாள் ரேடியோ போடவில்லை. மூன்றாம் நாள் சட்டத்தை எடுத்து வந்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, “ஆணி நல்லாத்தான்டா இருக்கு” என்றாள்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் இந்த வீட்டுக்குள் மறுபடியும் அந்த நாள் வரும். தண்ணீரும் எலியும் வந்தால் பரவாயில்லை.

வரும்போது அகராதியைக் கொண்டு வா. முதுகு இல்லாமல் எத்தனை நாள் நிற்கும்? புது அணை கொடுத்துத் தைத்துத் தருகிறேன். என் கண்ணுக்கு இப்போது இரட்டைப் பிள்ளைகள் நாலாகத் தெரிகிறார்கள். நான் நூலைப் பார்க்கிறேன், நீ வார்த்தையைப் பார்.

அக்கா பேனாவைக் கேட்கிறாள்.

மாமன்

அம்மா எழுதறேன். உங்க மாமன் வாழ்க்கையில ஒரு மதியம்கூடத் தூங்கினதில்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அப்படியே ஓடி வந்தான், கை ரெண்டும் பசை. என் கையைப் பிடிச்சவன் விடவே இல்ல. காஞ்சு ஒட்டிக்கிச்சு. அப்புறம் தண்ணி ஊத்தித்தான் பிரிச்சாங்க. நீ எந்த வண்டியில வர்ற?